மூடாத கை

ஐரிஷ் நடனத்தில் கால்களுக்குத்தான் வேலை. கைகள் இரண்டும் மூடிய முஷ்டியாக உடம்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். டெங்குவில் போன ஏழு வயது மகள் ஓவியா பாதியில் விட்ட வகுப்பில், அவளுக்குப் பதிலாக வந்து சேர்ந்திருந்தாள் வசுமதி. கால்கள் எப்படியோ பழகிவிட்டன. வலது கைதான் மூட மறுத்தது. விரல்கள் அரைகுறையாக மடங்கி, உள்ளங்கை குழிந்தே இருந்தது.

புதிதாக வந்த ஷெரின் டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "முன்னாடி பரதம் ஆடினீங்களாக்கா? இங்க முத்திரையெல்லாம் கிடையாது. கையை மூடுங்க."

வசுமதி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முத்திரை இல்ல டீச்சர். கிளாஸ் முடிஞ்சு ரோட்டைத் தாண்டணும்ல... மூடிட்டா அவ எதைப் புடிச்சுக்குவா?"