ஏழு தாள்கள்

"இன்னைக்குத்தான் பண்டிகை. ஊரே திரண்டு வந்து இல்லைன்னு சொன்னாலும் இன்னைக்குத்தான்!"

நாற்காலி மேல் ஏறிக் கலர் காகிதம் ஒட்டிக்கொண்டே அப்பா கிசுகிசுத்தார். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பண்டிகை அடுத்த சனிக்கிழமைங்க. பசங்க என்ன கைக்குழந்தைகளா, ஏமாத்துறதுக்கு?"

"அடுத்த சனிக்கிழமை நீ எங்கே இருப்பே?"

அம்மா கப்பலில் இன்ஜினியர். பண்டிகை முடிந்து கிளம்பினால் போதும் என்றிருந்தவளை, இன்றைக்கே வந்து சேர் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கார் வரும். போனால் திரும்பி வர ஆறு மாதம்.

போன வருஷமும் இதே கூத்துதான். அம்மா இல்லாமல் என்ன பண்டிகை என்று மூன்று பையன்களும் புதுச்சட்டையைத் தொடவில்லை. கடைக்குட்டி வாண்டு யாரையும் கேக் வெட்டவிடாமல், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுது, அப்படியே தூங்கிப்போனான். இன்னொரு தடவை அந்தக் கண்றாவியைப் பார்க்க முடியாது என்று அப்பா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

"காலண்டரைப் பார்த்தா தெரிஞ்சுடாதா?"

"வருஷா வருஷம் காலண்டர் அச்சடிக்கிறவன்கிட்டயே கேக்குறியா? முந்தாநாளே சரியா ஏழு தாள் கிழிச்சு பீரோ மேல ஒளிச்சு வெச்சாச்சு. தேதிதான் மாறும், கிழமை மாறாது. ஸ்கூலும் லீவு. லீவுல எந்தப் பையன் தேதி பார்க்கிறான்?"

"டிவி?"

"ஒயரைப் பிடுங்கிட்டேன். கேட்டா ரிப்பேர்."

"வக்கீல் விடுவானா?"

வக்கீல் என்பது நடுப்பையன். ஏழு வயது. கொட்டாவி விட்டால்கூட ஏன் என்று கேட்பவன். அப்பாவுக்கும் அந்தப் பயம்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அறைக்கதவு படீரென்று திறந்தது. "பண்டிகை! பண்டிகை!" என்று மூன்றும் பாய்ந்து வந்தன. ஒன்று அம்மா கழுத்தில், ஒன்று இடுப்பில், ஒன்று காலில். நாற்காலி ஆட, அப்பா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பினார்.

"டிவி ரிப்பேர்டா," என்றார் முந்திக்கொண்டு.

"ரிப்பேர்னா ரிப்பேர்தான். விடுங்கப்பா," என்றான் வக்கீல்.

அப்பா அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பார்த்தாயா என் சாமர்த்தியத்தை என்று அர்த்தம்.

அடுத்த கண்டம் ஜன்னல். தெருவில் ஒரு வீட்டில்கூட அலங்காரம் இல்லை. எட்டிப் பார்த்தால் தீர்ந்தது கதை. அவர் நாற்காலியிலிருந்து இறங்கிப் போவதற்குள் பெரியவனே ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினான்.

"வெயில் கண்ணைக் கூசுதுப்பா."

வெளியே மேகம் கவிந்து மழை வருகிற மாதிரி இருந்தது. கடவுளாகப் பார்த்துச் செய்கிற உதவியைக் கிளறுவானேன் என்று அப்பா மறுபடி காகிதம் ஒட்டப் போனார்.

கேக் வாங்கப் போனால், நாங்களும் வருவோம் என்று மூன்றும் ஒட்டிக்கொண்டன. என்ன சொல்லியும் விடவில்லை. 'இப்பவே பண்டிகை கேக்கா?' என்று பேக்கரிக்காரம்மா ஒரு வார்த்தை கேட்டால் போச்சு.

வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்று, "பண்டிகை வாழ்த்துகள் சார்!" என்றார்.

பேக்கரிக்காரம்மா ஒரு படி மேலே போய், "பண்டிகை அதுவுமா வெறுங்கையோட அனுப்புவேனா?" என்று பையன்கள் கையில் ஆளுக்கொரு சாக்லேட்டைத் திணித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இந்தத் தெருவுல ஒருத்தருக்குக்கூடத் தேதி தெரியலை! நம்ம நல்ல நேரத்தைப் பாரேன்!"

அன்றைக்கு அந்த வீடு வீடாக இல்லை. பலூன் வெடித்தது. சோபா கப்பலானது. அம்மா அதற்கு இன்ஜினியர், தலையணைகள் கடல். கேக் வெட்டும்போது வாண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவன் ஒரு பெரிய துண்டை அந்த வாயில் அடைத்தான்.

"டேய், மெதுவாடா! தொண்டையில அடைக்கப்போகுது," என்று அம்மா பெரியவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. மூன்று புதுச்சட்டைகளையும் அம்மா மாறி மாறிக் கட்டிக்கொண்டாள்.

"இந்த வருஷம் பண்டிகைக்கு அம்மா உங்களோடதான் இருந்தேன். ஞாபகம் வெச்சுக்கணும்."

"சூப்பர் பண்டிகைம்மா," என்றான் பெரியவன். ஒருவனும் அழவில்லை. அழுதது அம்மாதான். கார் திரும்புகிற வரை கையாட்டிவிட்டு, மூவரும் கீழேயே விளையாடப் போனார்கள்.

அப்பா மாடியேறினார். மனசு கனத்துக் கிடந்தாலும் ஜெயித்துவிட்ட திருப்தி. பையன்கள் வருவதற்குள் தாள்களைத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று பசையை எடுத்துவைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமைக்கு என்ன கதை விடுவது என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

பீரோ மேல் கைவிட்டுத் தாள்களை எடுத்தார். எண்ணினார். ஏழும் இருந்தன. பசை தடவக் கடைசித் தாளைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கம் முழுக்கப் பெரியவனின் கையெழுத்து.

'வாட்ச்மேன் அங்கிள் – சொல்லியாச்சு.

பேக்கரி ஆன்ட்டி – சொல்லியாச்சு.

வாண்டு – உளறினா உதை.

அப்பாகிட்ட மட்டும் நமக்குத் தெரியும்னு சொல்லவே கூடாது. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு ஏமாத்துறார்.'