பட்டியலில் ஒன்பது குறைவு

சதுப்புநிலக் காவலர் மாசாணம், ஈரத்துணி விரித்த டிபன் பாக்ஸை உயிரினப் பட்டியல் அலுவலகத்து மேசைமேல் பத்திரமாக வைத்தார். மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள் வழியே தவளை கத்தியது.

"மேடம், நெல்லளவுத் தவளை அழிஞ்சு போச்சுன்னு பட்டியல்ல போட்டுட்டீங்க. இதோ, கத்துது பாருங்க."

கண்காணிப்பாளர் எழிலரசி குனிந்து பார்த்தார். "அட, ஆமா! ஆனா அண்ணே, அஞ்சு வருஷம் போட்டோ வரலைன்னா கம்ப்யூட்டர் தானாவே அழிஞ்சதுன்னு மாத்திடும்."

"அங்க சிக்னலே கிடையாது. வாராவாரம் நோட்டுல எழுதிக் குடுத்தேனே?"

"நோட்டையெல்லாம் அது படிக்காதுண்ணே."

"எப்படியாவது மாத்திக் குடுங்க. தவளை இல்லைன்னதும் சதுப்பை மூட லாரி வந்து நிக்குது."

எழிலரசி குரலைத் தாழ்த்தினார். அழிந்துபோனவை அழியும் ஆபத்தில் இருப்பவையாகக் கணக்கில் வராது. அதனால் மாவட்டத்தில் ஆபத்தில் உள்ள உயிரினங்கள் ஒரே ஆண்டில் நாற்பதிலிருந்து முப்பத்தொன்றாகக் குறைந்திருந்தன. நாட்டிலேயே முதலிடம். வெள்ளிக்கிழமை அமைச்சர் கையால் விருது.

"மேடையில உங்களுக்கும் ஒரு சால்வை இருக்கு."

"சால்வையை நீங்களே போத்திக்குங்க. சதுப்பை மூடாம விடச் சொல்லுங்க."

"கோவிச்சுக்காதீங்க. விழா முடிஞ்சு திங்கட்கிழமை கொண்டு வாங்க. மறுபடி கண்டுபிடிச்சதா நானே ஏத்திடறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள மண்ணைக் கொட்டி மூடிடுவாங்களே மேடம்!"

எழிலரசியின் முகத்தில் இருந்த கவலை சட்டென்று விலகியது.

"அப்படியா? அப்ப பட்டியலைத் திருத்தவே வேண்டாமேண்ணே."