நகர்த்த வேண்டாம்

கணினியில் அந்தக் கோப்பை நகர்த்தியதும் ஷெல் ஊமையாகிவிட்டது.

மகள் ஒரு கட்டளையைத் தட்டினாள். கருப்புத் திரையில் வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால்கூடப் பதில் இல்லை.

கோப்பைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். உயிர் வந்தது.

காலையிலிருந்து இதே கூத்து.

பக்கத்து நாற்காலியில் அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டைப் பிரித்து, உதறி, மறுபடி மடித்தாள்.

நாம் தட்டுகிற கட்டளையை வாங்கிக் கணினிக்கு எடுத்துச் சொல்கிற சின்ன மென்பொருள்தான் அந்த ஷெல். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஒருவர் தனியாளாக எழுதி வெளியிட்டார். பிடித்துப்போனவர்கள் கூடுதல் வசதிக்கென்று ஆளுக்கொரு ப்ளகின், அதாவது துணைநிரல், எழுதி ஒட்டவைத்தார்கள். வருடங்கள் ஓடியதில் எது அவர் எழுதிய அடிப்படை நூலகம், எது பின்னால் ஒட்டியது என்றே தெரியாமல் எல்லாம் சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஒன்றைத் தொட்டால் எங்கேயோ இன்னொன்று விழும்.

பிரித்து ஒழுங்குபடுத்தினால் தொடர்ந்து சேர்ந்து நடத்துவோம், இல்லையென்றால் கைகழுவிவிடுவோம் என்று அதைப் பராமரிக்கும் குழுவில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே வேறு ஷெல்லுக்குப் போயாயிற்று.

போகட்டும், நீயும் விட்டுவிடு என்றார்கள். மகளால் விட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று அவர்களிடம் சொல்லவும் முடியவில்லை.

ப்ளகின்கள் எல்லாம் தனி இடத்துக்குச் சமர்த்தாகப் போய்விட்டன. இந்த ஒரு கோப்பு மட்டும் மல்லுக்கு நின்றது. அடிப்படை நூலகத்தில் அதற்கு ஒரு வேலையும் இருப்பதாகத் தெரியவில்லை. எடுத்தால் மட்டும் எல்லாம் செத்துப்போகிறது. எத்தனை தரம் படித்தாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கோப்பின் உச்சியில் எழுதியவர் ஒரு குறிப்பு விட்டிருந்தார்: ‘இதை நகர்த்த வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.’

அந்தப் பிறகு வரவே இல்லை.

எழுதியவரையே கேட்டுவிடேன், உனக்குத்தான் நல்ல பழக்கமாயிற்றே என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். கேட்டுச் சொல்கிறேன், கேட்டுச் சொல்கிறேன் என்று அவளும் நாளைக் கடத்தினாள். சற்று முன் ஒருவர் எழுதியிருந்தார்: அவருக்கு நம்மீது ஏதாவது கோபமா?

அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

கேட்கவே கூடாது என்றுதான் இத்தனை நாளும் வைராக்கியமாக இருந்தாள். இப்போது மடிக்கணினியை மெல்ல அம்மா பக்கம் திருப்பினாள்.

அம்மா துண்டை மடியில் போட்டுக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் விரல் வைத்து வரி வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்ப மேலே போனது. உதடுகள் அசைந்தன.

மகள் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. காரணத்தைத்தான் சொல்லாம விட்டுட்டாங்க. எழுதினவங்களையே ஒரு வார்த்தை கேட்டா என்ன?” என்றாள் அம்மா.

“அவங்களைத்தாம்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அம்மா கழுத்தைத் திருப்பி, யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் பார்த்தாள்.