பின்தண்டு

மணப்பெண் பல்லக்கை இரண்டு பேர் தூக்குவோம். பல்லக்கு மறைப்பதால் பின்தண்டுக்காரனுக்குப் பாதை தெரியாது. முன்னால் போகிற நான் குரல் கொடுப்பேன், அவன் பதில் குரல் கொடுப்பான்.

இருபது வருஷமாக என் பின்தண்டு லுவோதான். "உன் கல்யாணப் பல்லக்கை நான்தான் தூக்குவேன்" என்று தன் மகள் யுன்ஹ்வாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவன், போன குளிர்காலத்தில் இறந்துபோனான். இன்று அவள் அழுதுகொண்டேதான் ஏறினாள். பின்தண்டுக்குப் புதிதாக மாவ் வந்திருந்தான்.

மலையெல்லாம் மூடுபனி.

"எடப்பக்கம் தண்ணி!" என்றேன்.

"காலைக் கழுவிக்கிட்டே வர்றேன், நீ போ!"

லுவோவின் பழைய கேலி. மாவ் எங்கேயோ கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வழி நெடுக அப்படியே பதில் வந்தது. பல்லக்குக்குள் அழுகை நின்றிருந்தது.

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பட்டாசு வெடித்தது. முன்தண்டைத் தரையில் வைத்து நிமிர்ந்தேன். மாவ் என் பக்கத்தில் நின்றான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றான், காற்றாய்ப் போன குரலில். "தொண்டை கட்டிடுச்சு. ஒண்ணுக்குக்கூடப் பதில் சொல்ல முடியல. தண்டும் என் தோள்ல உக்காரவே இல்ல, சும்மாதான் கூட நடந்து வந்தேன்."

திரைக்குள்ளிருந்து யுன்ஹ்வா சொன்னாள்: "சித்தப்பா, அப்பாவை மெதுவா இறக்கச் சொல்லுங்க. அவருக்கு முழங்கால் வலி."

பல்லக்கின் பின்பக்கம் இன்னும் தோளுயரத்திலேயே நின்றது. பிறகு அது மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது.