தட்டில் நின்ற மரம்

"மேலால ஊத்தாதேங்கோ லதீபாக்கா. முதல்ல விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்கோ. ஈரம் பட்டா அண்டைக்குத் தண்ணி வேண்டாம்."

சொல்லிக்கொண்டே செந்தூரன் தன் விரலையும் மண்ணுக்குள் விட்டுக் காட்டினான். முற்றத்துக் கல்லின் மேல், ஆழமில்லாத ஒரு மண் தட்டில், முழ உயரத்தில் அந்த மரம் நின்றது. தடித்த அடி, பரந்த கிளைகள், எல்லாம் பெரிய மரத்துக்கு உள்ளபடியே. இலைகள்தான் சில்லறைக் காசு அளவில் இருந்தன.

பக்கத்து வீட்டு லதீபா தலையாட்டினாள். "வேற என்ன தம்பி?"

"கிழமைக்கு ஒருக்கா தட்டைத் திருப்பி விடுங்கோ, எல்லாப் பக்கமும் வெயில் படவேணும். நுனி நீண்டா நறுக்குங்கோ. இரக்கப்படக் கூடாது. கிளையில சுத்தியிருக்கிற செப்புக் கம்பியை மட்டும் கழட்டிப் போடாதேங்கோ."

"பிள்ளைப்பேறுக்குப் போற மனுசிக்கும் இவ்வளவு புத்தி சொன்னனியோ?"

வாசலில் நின்ற வாடகை வானுக்குள் வயிற்றைப் பிடித்தபடி இருந்த அவன் மனைவி நிசாந்தினி சிரித்தாள். பிள்ளைப்பேறு யாழ்ப்பாணத்தில், தாய் வீட்டோடு. திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகும்.

"சரி, இது என்ன மரம்?"

"சும்மா தானா முளைச்ச ஒரு மரம் அக்கா." அவன் அவசரமாக வானில் ஏறினான். ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டினான். "செத்துப்போகவும் கூடாது, வளர்ந்திடவும் கூடாது. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ!"

வற்றாப்பளை றோட்டில் வான் மறைந்தது.

லதீபாவுக்குத் துணி வகை தெரிந்த அளவுக்கு மர வகை தெரியாது. முருங்கையும் வேம்பும் தெரியும், அதோடு சரி. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் காலையில் விரல் விட்டுப் பார்த்தாள். தட்டைத் திருப்பினாள். நறுக்கும்போது மட்டும் கத்தரிக்கோல் தயங்கியது.

மழைக்கு முந்திய வெக்கை. சண்டைக் காலத்தில் துரத்தப்பட்டுப் போயிருந்த புத்தளத்திலிருந்து அவள் குடும்பம் திரும்பி வந்தபோது அவர்களுடைய காணியில் ஒரு மரம்கூட மிஞ்சியிருக்கவில்லை. மத்தியானத்தில் தகரக் கூரைக்குள் இருக்க முடியாது. அதனால் தன் துணிக்கடையை மூடிவிட்டு வந்ததும் செந்தூரன் வீட்டு முற்றத்துக்குப் போய், அந்நேரம் வீட்டு நிழல் சாய்ந்திருக்கும் அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

அங்கே கண்ணை வைத்துப் பார்த்தால் அது சின்ன மரமே இல்லை. வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அடியில் இன்னொரு லதீபா பாய் விரிக்கலாம், பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சோறு போடலாம், அவ்வளவு நிழல். காற்று வந்தால் இலைகள் சலசலத்தன. மேகமே இல்லாத வானத்திலிருந்து எங்கோ மழை பெய்வது போலிருந்தது. அந்தச் சத்தத்திலேயே அவள் கண்ணயர்ந்து விடுவாள்.

அப்படி ஒரு மத்தியானம், மரம் தட்டைவிட்டு இறங்கி, செப்புக் கம்பிகளைக் கொலுசு மாதிரி இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தது.

"லதீபாக்கா, கொஞ்சம் காலை நீட்டட்டே?" என்று கேட்டது.

விழித்தபோது அவள் கண்ணோரம் நனைந்திருந்தது. செந்தூரன் நல்ல பொடியன்தான். ஆனால் போன் திருத்துகிற கை, எல்லாவற்றையும் சின்னதாகவே வைத்திருக்கப் பார்க்கிறது. அல்லாஹ் படைத்த உயிரை இப்படியா கட்டி வைப்பது? ஒவ்வொரு கம்பியாகக் கழற்றினாள். வேலியோரம், றோட்டால் போகிறவர்களுக்கும் நிழல் விழட்டும் என்று இடம் பார்த்து, குழி தோண்டி நட்டுவிட்டாள். அன்று பின்னேரமே மழை தொடங்கியது.

"மரம் எப்பிடி அக்கா?" என்று செந்தூரன் போனில் கேட்பான்.

"நல்ல சுகம் தம்பி," என்பாள். அது பொய்யுமில்லை.

பெண் குழந்தையோடு அவர்கள் வந்து இறங்கிய காலையில் மரம் வேலியைத் தொட்டுக்கொண்டு நின்றது. புது இலைகள் செம்பு நிறத்தில் மினுங்கின. லதீபா குழந்தையைக்கூடப் பார்க்காமல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"பார் தம்பி! எவ்வளவு சந்தோசமா நிக்குது!"

செந்தூரன் முகம் வெளுத்துப்போய் றோட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு ஈரமண்ணில் முழங்காலில் விழுந்து வெறும் கையால் தோண்டத் தொடங்கினான்.

லதீபாவுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. "நீயெல்லாம் ஒரு மனுசனே? இப்பதான் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகி வந்திருக்கிறாய். இதுவும் ஒரு உயிர்தானே? இது வளர்ந்தா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"கிணத்துக்கட்டில முளைச்ச அரச மரம் அக்கா இது. பிள்ளையார் இருக்கிற மரம் எண்டு வெட்ட மனம் வரேல்லை. வளர விட்டா, றோட்டால போற ஆரோ ஒருநாள் கண்டிட்டு, போதி மரம் எண்டு அடியில புத்தரைக் கொண்டந்து வைப்பினம். பிறகு இந்தக் காணி விகாரைக்குத்தான், என்ர பிள்ளைக்கு இல்லை."

லதீபா தன் வீட்டுக்கு ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்து வந்து, வேர் அறாமல், மறுபக்கத்திலிருந்து தோண்டத் தொடங்கினாள்.