விரல் அசையக்கூடாது

"செப்டெம்பர் 9, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு பிழை. விரல் மூன்று தரம் அசைந்ததாகக் குறித்துவிட்டேன். இரண்டு தரம்தான். மூன்றாவது என் கை பட்டு அசைந்தது."

எழுதி முடித்த பிரியந்தினி கொப்பியை அரிசி வாளிக்குள் புதைத்து மூடினாள். பிறகு கட்டிலில் கிடந்த அண்ணனின் வலது கையைத் தூக்கி, விறகுக் கட்டையைப் போல நேராக வைத்தாள்.

"அசைக்கக்கூடாது. விளங்குதோ?"

"மூண்டு மாசமா அசை அசை எண்டு உயிரை எடுத்தாய். இண்டைக்கு அசைக்காதையாம்," என்றான் பிரணவன். "உன்ரை பின்னேர நோயாளர் பராமரிப்பு வகுப்பிலை உதையுமோ படிப்பிக்கினம்?"

"பகிடி விடாதை அண்ணை. அந்தாள் வாற நேரம்."

"வரட்டும். நானும் மூண்டு வருசமா உந்தச் சுவரிலை பல்லியைத்தானே எண்ணுறன். றோட்டு எப்பிடி இருக்கும் எண்டதே மறந்து போச்சு. ஒரு புது முகத்தையாவது பாப்பம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரைத் தகடு மாற்ற ஏறி விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போனவன் அவன். ஆனி மாதம் தொடக்கம் வலது கையில் இரண்டு விரல்களுக்கு மட்டும் மெல்ல உயிர் வந்திருந்தது. அந்தச் சந்தோசத்தைத்தான் இன்று ஒளிக்க வேண்டியிருந்தது.

முன்வீட்டு ஜெயகௌரி அக்காவின் கை வழங்காத மகன், போன வருடம் பார்க்க வந்த உதவிப்பண உத்தியோகத்தருக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே எடுத்துக் குடித்தான். அடுத்த மாதமே அவனுக்கு அரசாங்க உதவிப்பணம் நின்றது. அண்ணனின் மருந்தும் சிறுநீர்ப் பையும் அதே உதவிப்பணத்தில்தான். அம்மாவின் வெங்காயத் தோட்டக் கூலி சோற்றுக்கே காணாது.

கிராம சேவகர் நேற்றுத் தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு வரி: "நாளைக்கு உங்கடை அண்ணையைப் பாக்க ஒராள் வருவார், வீட்டிலை நில்லும்." அத்துடன் லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்துக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பத்து மணிக்கு வந்தவர் புதிய ஆள். வந்தவர் உள்ளே வராமல், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வேலிப் படலையை அளந்தார். பிறகு வாசல் கதவின் அகலத்தை அளந்தார். அளந்ததையெல்லாம் எழுதினார்.

"கிராம சேவகர் எல்லாம் சொல்லியிருப்பார்தானே, தங்கச்சி?"

இல்லை என்றால் என்னென்ன கேட்பாரோ என்று பயந்து, "ஓம் சேர்" என்றாள். வீடு பெரிது, வசதியான ஆட்கள் என்று எழுதப் போகிறார்; அதற்குத்தான் இந்த அளவெல்லாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கட்டிலுக்குக் கிட்ட பிளக் இருக்கோ?"

"இருக்கு. ஆனா ஃபானுக்கு மட்டும்தான். அதுவும் பழைய ஃபான், சேர்."

அதையும் எழுதினார். பிறகு உள்ளே வந்து, மேலே குட்டையான கறுப்புத் தடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்த சின்னப் பெட்டியை எடுத்து, பிரணவனின் வலது கைக்குள் வைத்தார்.

"தம்பி, இந்தத் தடியை ஒருக்கால் தள்ளிப் பாரும்."

பிரணவன் தங்கையைப் பார்த்தான். விரல் அசையவில்லை.

"அவசரமில்லை. ஒரு விரலாலை எண்டாலும் சரி."

ஒரு ஈ வந்து அவனுடைய சுட்டுவிரலில் இருந்தது. நகத்திலிருந்து கணுவரை மெதுவாக நடந்தது. நேற்று இதே விரலால் அவன் ஈ கலைத்திருந்தான். இன்று அவனுடைய நெற்றி வியர்த்தது. விரல் கட்டையாகவே கிடந்தது.

மூன்றாம் தரமும் அவர் கேட்டார். குரலில் ஏதோ கெஞ்சல் இருப்பதுபோல் பட்டது. பொறி வைக்கிறவர்கள் இப்படித்தான் கதைப்பார்கள் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மூண்டு வருசமா உப்பிடித்தான், சேர்."

அவர் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போட்டார். அவளிடம் கையெழுத்து வாங்கினார். பெட்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

படலைவரை கூடப் போனவள் அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "சேர், உதவிப்பணத்தை வெட்டமாட்டியள்தானே?"

மோட்டார் சைக்கிளை உதைத்தவர் திரும்பிப் பார்த்தார். "அது வேறை பகுதி, தங்கச்சி. நான் பற்றரியிலை ஓடுற வீல்செயார் குடுக்க ஆள் பாக்க வந்தனான். எங்கடை பிரிவுக்கு வந்ததே நாலு. உங்கடை வாசல் அளவு சரி, சார்ஜ் பண்ணப் பிளக்கும் இருக்கு. அந்தத் தடியைத் தள்ள ஒரு விரல் அசைஞ்சிருந்தாக் காணும். என்ன செய்யிறது? நாளைக்கு மத்தியானம் பட்டியல் போயிடும்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மோட்டார் சைக்கிள் மருதனார்மடம் பக்கம் திரும்பிவிட்டது.

உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். "எடியே, ஈ வந்தும் அசைக்கேல்லை, பாத்தியோ! தப்பிச்சிட்டமோ?"

அவள் உள்ளே வந்து, அரிசி வாளிக்குள் கையை விட்டுக் கொப்பியை எடுத்து உதறினாள். மூன்று மாதத்துத் திகதிகள், நேரங்கள், எந்த விரல், எத்தனை தரம் எல்லாம் அதில் இருந்தன. இதைக் காட்டினால் உதவிப்பணம் தருகிற அந்த வேறை பகுதியும் பார்க்கும். பேனையைத் திறந்து, நெடுநேரம் யோசித்து, காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்.

"நாளைய வேலை: காலை எட்டரைக்குப் பிரதேச செயலகம். இந்தக் கொப்பியைக் காட்டி, அண்ணையின் விரல் அசையும் என்று சொல்ல வேண்டும்."