ஏழாவது குமிழ்

“ஏழாவது குமிழை மட்டும் ஏத்திடாதீங்கண்ணே!”

டிரம்ஸ் வாசிக்கும் குண்டன் இப்படிச் சொன்னபோது, மைக்செட்காரர், ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மிக்ஸரில் படிந்திருந்த உப்புப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடலோரத்தில் இந்தத் தொழில் செய்தால் பாதி நேரம் துடைப்பதிலேயே போய்விடும்.

“ஏன், ரிப்பேரா?”

“அதெல்லாம் இல்லை. அது தாடி அண்ணனோட கிடார். கீழேயே இருக்கட்டும்.”

“கீழேயே இருந்தா அவர் வாசிக்கிறது வெளியில கேட்காதேப்பா!”

“கேட்க வேண்டாம்ணே.”

குமிழ் நகராதபடி குறுக்கே ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினான் குண்டன். மைக்செட்காரர் அடுத்த கேள்வி கேட்பதற்குள், முதுகில் கிடாரோடு தாடி அண்ணனே வந்துவிட்டார். குண்டன் வாயை மூடிக்கொண்டு நழுவிவிட்டான்.

இந்தக் குழுவுக்கு வழக்கமாக மைக்செட் போடுவது இவருடைய மச்சான். மச்சானுக்குக் காய்ச்சல் என்று இன்றைக்கு இவர் வந்திருந்தார்.

இந்த ஊரில் முதல் ராக் கச்சேரி நடத்தியவர் தாடி அண்ணன். பாடுகிற பெண், குண்டன், இன்னொரு கிடார்காரன் என்று எல்லாருமே அவர் மேடையேற்றிவிட்டவர்கள்தான்.

‘ஏத்திவிட்ட ஆளோட வாயையே அடைக்கிறாங்களே, நல்லா இருப்பாங்களா!’

மைக்செட்காரருக்கு வயிறு எரிந்தது. சொந்தமாக அவர் ஆரம்பித்த மைக்செட் கடையிலேயே, மகன் அவரை ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தான். அந்த எரிச்சலும் இதோடு சேர்ந்துகொண்டது.

வெயில் தாழ்ந்ததும் மீன் ஏலக் கொட்டகையில் கச்சேரி தொடங்கியது. நல்ல கூட்டம். பாடுகிற பெண் தொண்டை கிழியப் பாடினாள். தாடி அண்ணன் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வாசிப்பு அவர் காலடியில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியைத் தாண்டி ஒரு அடி கூட வரவில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் பாடுகிற பெண் நிறுத்த, மற்றவர்கள் விடாமல் முழக்க, தாடி அண்ணன் மட்டும் ஒரு எட்டு முன்னால் வந்தார். இது அவருடைய கிடார் தனித்து ஒலிக்க வேண்டிய இடம். கூட்டம் கைதட்டியது.

‘இப்பக்கூடவா ஊமையா நிக்கணும் அந்த மனுஷன்?’

எந்தக் குமிழையும் ஏற்றுவதற்கு முன் ஹெட்ஃபோனில் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது மைக்செட்காரரின் வழக்கம். அன்றைக்கு நியாயம் கேட்கிற அவசரத்தில் அதை மறந்தார். டேப்பைப் பிய்த்து மேஜை விளிம்பில் ஒட்டிவிட்டு, ஏழாவது குமிழை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கொட்டகையை நிறைத்தது. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அமுங்காத நரம்புகள் கரகரவென்று இழுத்தன.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த நொடி பாடுகிற பெண் அபஸ்வரமாகக் கத்த ஆரம்பித்தாள். குண்டன் தாளத்தைத் தப்பவிட்டான். இன்னொரு கிடார்காரனும் கன்னாபின்னாவென்று இழுத்தான். யார் தப்பு, எது தப்பு என்றே தெரியாத ஒரே இரைச்சல். கூட்டம் ‘ஊ’ என்று ஊளையிட்டது.

மைக்செட்காரர் பதறிப்போய்க் குமிழை இறக்கினார்.

“மன்னிச்சுக்குங்க, நாந்தான் சொதப்பிட்டேன்!” என்று மைக்கில் சிரித்தாள் அந்தப் பெண். “மறுபடியும் முதல்ல இருந்து பாடறோம்!”

சொல்லிவிட்டு மைக்செட்காரர் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கூடத் தேவலை. அவள் கெஞ்சினாள்.

கச்சேரி முடிந்து ஒயர் சுருட்ட வந்த குண்டன் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

“நாலு வருஷம் முன்னாடி கச்சேரிக்குப் போறப்ப வேன் கவுந்துடுச்சுண்ணே. அதுல இருந்து அண்ணனுக்கு இடது கையில ரெண்டு விரல் மடங்காது. மேடையில எங்க இரைச்சல்ல அவருக்கு அது தெரியறதில்லை. நல்லா வாசிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா…”

“சொல்றதுக்குள்ளதான் அவரே வந்துட்டாரே.” ஒயரை முடிச்சுப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான். “அன்னைக்கு வேன் ஓட்டினது பாடுதே, அந்தப் பொண்ணுதான்.”

யாருக்காக வழக்காடப் போனோமோ, அந்த மனுஷனைப் பார்த்தே ஊரைச் சிரிக்க வைத்துவிட்டோமே! மைக்செட்காரர் பெட்டிகளை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் எடுத்து அடுக்கினார்.

தோளில் ஒரு கை விழுந்தது. தாடி அண்ணன்.

“அண்ணே… தப்பு என்மேலதான். அது வந்து, மிக்ஸர்ல ஏதோ…”

தாடி அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். பிள்ளைகள் தூரத்தில் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நாலு வருஷம் கழிச்சு என் வாசிப்பை இன்னைக்குத்தான் வெளியில கேட்டேன். கண்றாவியா இருந்துச்சு, இல்லே?”

“அப்ப… உங்களுக்குத் தெரியுமா?”

“என் விரல் எனக்குத் தெரியாதாய்யா? நான் மேடை ஏறலைன்னா, அந்தப் பொண்ணு பாடறதையே விட்டுடும்.”

மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை எடுத்து, மடங்காத விரலால் ஏழாவது குமிழின் மேல் அழுத்தி ஒட்டினார்.

“எனக்குத் தெரியும்கிறதை மட்டும் அதுங்ககிட்ட சொல்லிடாதீங்க.”